அந்த மருந்துச் சீட்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு மருந்துச் சீட்டின் படம் சுற்றுகிறது. விடாத நிமோனியாவுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுத்தார்களாம், பிள்ளைக்கு உடனே கேட்டதாம், எல்லோரும் சேமித்து வைக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடு. கும்பிட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒன்றுக்குக் கேட்காதது இரண்டுக்குக் கேட்கும் என்பது என்ன கணக்கு? ஒரு சாவிக்குத் திறக்காத பூட்டில் இரண்டு சாவியைச் சேர்த்து நுழைக்கிற கணக்கு.

டாக்டர்கள் இரண்டு மருந்தைச் சேர்ப்பது உண்மைதான். கடுமையான நிமோனியாவுக்கு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகப் போடச் சொல்வது உலக சுகாதார நிறுவனமே. ஒன்று கிருமியைச் சுவர் கட்டவிடாது. மற்றது புரதம் செய்யவிடாது. முதலாவதுக்கு அடங்காத சில கிருமிகளை இரண்டாவது பிடிக்கும். ஆனால் ஜென்டாமைசின் அளவு மீறினால் சிறுநீரகமும் காதும் கெடும். அதனால்தான் எடை பார்த்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் போடுகிறார்கள். ஆபத்து அறிகுறி இல்லாத சாதாரண நிமோனியாவுக்கு அதே நிறுவனம் சொல்வது வாய்வழியாக அமாக்ஸிசிலின் மட்டும்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் சுவரே கிடையாது. அமாக்ஸிசிலினை எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அதற்கு உறைக்காது. அங்கே அஸித்ரோமைசின் போன்ற வேறு ரக மருந்து வேண்டும். சீனாவிலும் ஜப்பானிலும் அதற்கும் அசையாத மைக்கோபிளாஸ்மா பரவிக் கிடக்கிறது. சும்மா சும்மா விழுங்கினால் நாமும் அங்கேதான் போய் நிற்போம்.

மருந்து கொடுத்தும் விடவில்லை என்றால் ஏன் விடவில்லை என்று பார்க்க வேண்டாமா? நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். மூச்சுக்குழாயில் வேர்க்கடலை சிக்கியிருந்தால் வெளியே எடுக்க வேண்டும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கடலையைக் கரைக்காது. வைரஸ் என்றால் இரண்டு மருந்துமே வீண். காசநோய் என்றால் இன்னும் மோசம். செஃபிக்ஸிமும் ஆஃப்லாக்ஸசினும் கலந்த மருந்து நம்மூர்க் கடைகளில் கிடைக்கிறது. அந்த ஆஃப்லாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும். பிள்ளை தேறியதுபோலத் தெரியும். நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப் போகும்.

மத்திய அரசு 2018-ல் 328 கூட்டு மருந்துகளையும் 2024-ல் 156 கூட்டு மருந்துகளையும் தடை செய்தது. எல்லாம் ஆன்டிபயாட்டிக் அல்ல. ஆனால் கலந்ததற்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதுதான் அரசு சொன்ன காரணம். கம்பெனி கலந்ததற்கே நியாயம் இல்லை என்கிறார்கள், நம் சித்தப்பா கலப்பதற்கு இருக்குமா?

"டாக்டர் ஃபீஸுக்கு எங்கே போவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்பதில்லை, போங்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலும் அன்றே காட்ட வேண்டும். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படத்தைப் போட்ட தம்பி, உன் நல்லெண்ணம் எனக்குத் தெரியும். இன்று ராத்திரிக்குள் நீயே அதை நீக்கிவிடு. யாராவது அதைக் காட்டி ஏற்கெனவே மருந்து வாங்கியிருந்தால் எனக்கு போன் பண்ணச் சொல், பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போக நானே துணைக்கு வருகிறேன்.