பூந்தியின் பேலன்ஸ் ஷீட்

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால் கூடவே முதலில் வருவது என்ன? பால் செலவா, செருப்பு நஷ்டமா? இரண்டும் இல்லை. ஆலோசனை!

எங்கள் வீட்டுக்குப் பூந்தி வந்தது அதன் எட்டாவது வாரத்தில். (பெயர் உபயம்: என் பெண். நிறத்தைப் பார்த்து வைத்தாள். குணத்தைப் பார்த்திருந்தால் 'மிக்ஸர்' என்று வைத்திருப்பாள்.) ரகம் நாட்டு நாய். தாயார், நண்பன் வீட்டுக் காவல் இலாகா. தகப்பனாரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

வந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் தடுப்பூசி மாநாடு கூடியது.

"நாட்டு நாய்க்கு ஊசி எதுக்கு ஸார்? அதுங்க கல்லைத் தின்னாலும் ஜீரணிச்சுடும்!" - இது மாடி வீட்டு ஸார்.

"ஆறு மாசம் ஆகட்டும். ஒரே ஊசியா போட்டு முடிச்சுடுங்கோ" - எதிர் வீட்டு மாமி.

"ரெண்டு போட்டா போதும்டா. மூணாவது, டாக்டர் வண்டிக்குப் பெட்ரோல்" - குட்டியைக் கொடுத்த நண்பன்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" - என் மனைவி. (பி.காம். படித்தவன் நான், கணக்குக் கேட்பவள் அவள்.)

அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மணிக்கும்தான் போட்டோம்" என்றபடி எழுந்து உள்ளே போனார். மாநாடு கலைந்தது.

மணி வந்தது 1999-ல். எனக்கு அப்போது எட்டு வயது. 45 நாள் குட்டியை அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் ஓர் ஊசி போட்டு வந்தார். 'ஊசி போட்டாச்சு' என்ற தைரியத்தில் மணி தெருவெல்லாம் சுற்றியது. மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் வாந்தி. அப்புறம் ரத்தமாகப் பேதி. மூன்று நாள் தாங்கவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் அப்பாவே குழி வெட்டினார். அதோடு எங்கள் வீட்டில் நாயும் இல்லை. ஊசி மேல் நம்பிக்கையும் இல்லை.

மறுநாள் காலையில், "வண்டியில் குட்டியைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ப்பா" என்று சொல்லி அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண்.

"மூணு தடவை எதுக்கு டாக்டர்? ஒண்ணையே கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுடக் கூடாதா?"

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப சொல்றது சுலபம்!"

பிறந்த முதல் நாள் குட்டி குடிக்கிறதே சீம்பால், அதில்தான் தாயின் எதிர்ப்பு சக்தி வந்து சேர்கிறது. அதுதான் குட்டியின் ஓப்பனிங் பேலன்ஸ். அப்புறம் வரவு கிடையாது. சுமார் 10 நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அட, குறைந்து செல் இருப்பு முறை! ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகப்பட்டது.

சிக்கல் எங்கே என்றால், தாய் கொடுத்த இருப்புக்கு நோய்க்கிருமிக்கும் தடுப்பூசிக்கும் வித்தியாசம் தெரியாது. ஊசி மருந்தையும் எதிரி என்று அடித்து விரட்டிவிடும். நடுவில் சில நாட்கள் ரொம்ப மோசம். மிச்சமிருக்கிற சக்தி நோயைத் தடுக்கப் போதாது. ஊசியைத் தடுக்க மட்டும் போதும்! அந்த நாட்கள் எப்போது வரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். கூடப் பிறந்தவைகளுக்கே வேறு வேறு.

"முதல் ஊசியிலேயே பிடிக்கிற குட்டியும் உண்டு, கடைசி ஊசியில்தான் பிடிக்கிற குட்டியும் உண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது ஸார். அதான் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு. கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்சுதான் இருக்கணும். எல்லாரும் மிச்சம் பிடிக்கிறது சரியா அந்தக் கடைசி ஊசியைத்தான்!"

அதுவரை சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

"நாப்பத்தஞ்சு நாள்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் போட்டிருந்தா?"

"தாய் கொடுத்த சக்தியே அதைச் செல்லாததாக்கியிருக்கலாம் ஐயா. போட்டது தப்பில்லை. அதோட நிறுத்தியிருக்கக் கூடாது."

"அப்ப யாரும் சொல்லலைம்மா..."

டாக்டர் பதில் பேசாமல் பூந்தியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு சீட்டில் எழுதித் தந்தார். 8 வாரத்தில் கூட்டு ஊசி (டிஸ்டெம்பர், பார்வோ, நாய்களுக்கு வரும் கல்லீரல் நோய்). 12 வாரத்தில் அதுவே மறுபடி, கூட வெறிநோய் ஊசி. 16 வாரத்தில் இரண்டும் இன்னொரு தடவை. ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டர். வெறிநோய்க்கு வருஷா வருஷம். நடுநடுவே குடற்புழு மருந்து.

பார்வோ வைரஸ் உலகத்தின் கண்ணில் பட்டதே 1978-ல்தானாம். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நம் செருப்பிலேறி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. அதற்காக அறையில் பூட்டி வைத்தால் பயந்தாங்கொள்ளியாக வளரும். தூக்கிக்கொண்டு போய் பஸ் ஹாரன், மாடு, மனிதர் எல்லாம் காட்ட வேண்டும்.

வெறிநோய் ஊசி நாய்க்காக மட்டுமல்ல, நமக்காகவும்தான். என் அத்தை பையன் 2000-ல் தொப்புளைச் சுற்றி 14 ஊசி வாங்கியவன். அந்த ஊசி 2004-ஓடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளோடு சரி. ஆனால் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்பது மட்டும் மாறவில்லை. குட்டிதானே என்று விடாமல், கடித்த இடத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சீட்டை தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டியது அப்பா. தினமும் பூந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றிக் காட்டியதும் அப்பா.

16-வது வாரம் ஊசி தினத்தன்று மைத்துனன் நிச்சயதார்த்தம். "நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் பூந்தியோட வேலை இருக்கு" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சம்பந்தி வீட்டாருக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நான் விழித்தது தனிக் கட்டுரை.

இரண்டு வாரம் கழித்துப் பூந்தியை முதன்முதலாகத் தெருவில் இறக்கிவிட்டார். அது நாலு பக்கமும் பார்த்தது, மண்ணை மோந்தது. நேராகப் போய் எதிர் வீட்டு மாமியின் கோலத்துக்கு நடுவில் உட்கார்ந்து 'ஒன்றுக்கு'ப் போனது.

மாமி கத்துவதற்குள் அப்பா சிரித்துவிட்டார். "மணியும் இப்படியேதான்டா!"

அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே அவர் சொல்லி நான் கேட்டது, 1999-க்குப் பிறகு அன்றைக்குத்தான்.