பொன்னாடையை மடித்து வைப்போம்: பிரித்தானியத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள்



தமிழர் ஒருவர் கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்றால் நம்மவர்களில் பலர் இன்றும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அகதியாக வந்தவனுக்கு அந்தக் கட்சியில் என்ன வேலை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டே பல தேர்தல்களைக் கடந்தவர்கள் நாங்கள். வடமேற்கு லண்டனில் கடை வைத்திருப்பவர்கள், பெற்றோல் நிலையம் நடத்துபவர்கள், கணக்காளர்கள், மருந்தாளர்கள், கோயில் அறங்காவலர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்தக் கட்சியின் துண்டுப் பிரசுரங்களை மழைக்குள் நின்று வீடு வீடாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். இப்போது அதே கட்சியைப் பற்றி உங்களோடு வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மார்கரெட் தட்சர் கிரந்தம் நகரில் பலசரக்குக் கடை நடத்தியவரின் மகள். வரவுக்குள் செலவு செய், சொந்தக் காலில் நில், சட்டத்தை மதி என்று அவர் சொன்னவை எங்கள் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் சொல்லி வளர்த்தவைதான். 1972இல் இடி அமீன் துரத்திய உகண்டா ஆசியர்களில் ஏறத்தாழ 28,000 பேரை, நாட்டில் பெரும் எதிர்ப்பு இருந்தபோதும், எட்வர்ட் ஹீத்தின் கொன்சர்வேட்டிவ் அரசு ஏற்றுக்கொண்டது. அவர்கள் கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, குடியேறிகளுக்கு எதிராகத் தீ மூட்டும் உரை நிகழ்த்திய ஈனொக் பவலைத் தன் நிழல் அமைச்சரவையிலிருந்து வெளியேற்றியவரும் இதே ஹீத்தான். 2013 நவம்பரில் இலங்கையில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்குப் போன பிரதமர் டேவிட் கமரன் யாழ்ப்பாணத்துக்கும் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்கில் கால்வைத்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர். உதயன் பத்திரிகை அலுவலகத்தில் எரிந்த அச்சு இயந்திரத்தின் முன் அவர் நின்ற படத்தை நம்மில் எத்தனை பேர் சேமித்து வைத்திருந்தோம்!

மறுபக்கத்தையும் மறக்கவில்லை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் நம் இளைஞர்களைத் திருப்பி அனுப்ப முயன்றது தட்சரின் அரசுதான். அவர்கள் உடைகளைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு நின்று விமானம் ஏற மறுத்தார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள், அனுப்புவது அப்போதைக்கு நின்றது. அரசுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. எங்களுக்குக் கொன்சர்வேட்டிவ் என்பதன் பொருள் இங்கேதான் இருந்தது. ஆள்பவரின் கோபத்தைவிட நீதிமன்றத்தின் கட்டளை பெரியது என்று ஒப்புக்கொள்ளும் அரசியல் அது.

இலங்கைத் தமிழருக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. சிங்களம் மட்டும் சட்டத்தின் பேரில் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்; அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுமீது வழக்குப் போடவே முடியாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1969இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவருக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்றது. அடுத்து என்ன நடந்தது? பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியையே இலங்கை அரசு மூடிவிட்டது. 1972இன் அரசியலமைப்பு, சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பையும் கைவிட்டது. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் நீதிமன்றத்தை ஒதுக்கிவிடும் ஒரு நாட்டிலிருந்துதான் நாம் இங்கே வந்தோம்.

ஆகவே 2019 எங்களைக் கலங்க வைத்தது. பிரெக்சிட் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு; அதுவல்ல இங்கே பிரச்சினை. பிரதமர் பொரிஸ் ஜோன்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடிவைக்க மகாராணிக்கு ஆலோசனை சொன்னார். செப்டெம்பர் 24ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்றார்கள். அதே மாதத் தொடக்கத்தில் கட்சி தன்னுடைய 21 நாடாளுமன்ற உறுப்பினர்களை வெளியே தள்ளியிருந்தது. அவர்களில் ஒருவர் 1970 முதல் நாடாளுமன்றத்தில் இருந்த, நிதியமைச்சராக இருந்த கென் கிளார்க். இன்னொருவர் சேர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ். மரபைக் காப்பதாகச் சொல்லும் கட்சி தன் மரபையே வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு, தாங்கள் கொண்டுவரும் சட்டமூலம் சர்வதேசச் சட்டத்தை மீறுகிறது என்று ஓர் அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். குறிப்பிட்ட, வரையறுக்கப்பட்ட வகையில்தானாம். கடைக்குள் வந்து ஒருவன் அப்படிச் சொல்லிவிட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் என்ன செய்வோம்?

பிறகு ருவாண்டா வந்தது. அகதிகளை அங்கே அனுப்பும் திட்டம் சட்டவிரோதம் என்று 2023 நவம்பர் 15ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுப்பப்படுபவர்களை ருவாண்டா அவர்களின் ஆபத்தான சொந்த நாட்டுக்கே திருப்பிவிடக்கூடும் என்று சான்றுகளைப் பார்த்து நீதிபதிகள் கண்டார்கள். ஐந்தே மாதத்தில், ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நீதிபதிகளும் அதிகாரிகளும் அப்படியே கருத வேண்டும் என்று எழுதிவைத்தது. ஓர் உண்மையைப் பெரும்பான்மை வாக்கால் மாற்றலாம் என்ற நினைப்பு தமிழர்களுக்குப் புதியதல்ல. இங்கே அதைச் செய்தது நாங்கள் வாக்களித்த கட்சி என்பதுதான் புதிது.

பணத்துக்கு வருவோம், இதைச் சொல்லும்போதுதான் எங்கள் கடைக்காரர்களுக்குக் குரல் உயர்கிறது. 1981இல் நாடு பொருளாதார மந்தத்தில் இருந்தபோதே, கடனைக் குறைப்பதற்காகத் தட்சரும் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவும் வரியை உயர்த்தினார்கள். அது சரியா தவறா என்று பொருளியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கும் ஒழுக்கம் அதில் இருந்தது. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி லிஸ் ட்ரஸ்ஸின் அரசு வைத்த மினி பட்ஜெட்டில் 4,500 கோடி பவுண் வரிக்குறைப்பு இருந்தது. அதை எப்படி ஈடுகட்டுவது என்ற கணக்கு இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதற்கென்றே கமரனின் அரசு உருவாக்கிய சுயாதீன அமைப்பின் மதிப்பீட்டையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றே நாளில் பவுண் டொலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்கு விழுந்தது. ஓய்வூதிய நிதிகள் கவிழாமல் இருக்க, 6,500 கோடி பவுண் வரை கடன்பத்திரங்களை வாங்கத் தயார் என்று இங்கிலாந்து வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருட நிலையான வட்டி மோட்கேஜ் 6 வீதத்தைத் தாண்டியது. அந்த இலையுதிர் காலத்தில் மோட்கேஜ் புதுப்பிக்க வேண்டியிருந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வேலை செய்து வாங்கிய வீட்டுக்கு மூன்றாவது வேலை தேடியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ட்ரஸ்ஸைப் பிரதமராக்கியது நாட்டு மக்கள் அல்ல. கட்சி உறுப்பினர்களில் 81,326 பேர். ஏழு வாரத்தில் அவர் போனார், வட்டி போகவில்லை. அந்த ஆண்டுகளில் வருமான வரி தொடங்கும் எல்லையை 12,570 பவுணில் உறைய வைத்து, கம்பனி வரியை 19இலிருந்து 25 வீதத்துக்கு உயர்த்தி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தின் மிக உயர்ந்த வரிச்சுமையை நோக்கி நாட்டைக் கொண்டுபோனதும் குறைந்த வரியின் கட்சிதான்.

கடைத்திருட்டைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதலாம். 2014இல் வந்த சட்டம் 200 பவுண் வரையான கடைத்திருட்டைப் பொதுவாக நீதவான் நீதிமன்றத்தோடு முடியும் சிறு குற்றமாக்கியது. தண்டனை ஏட்டில் இருந்தது. வருவதற்குப் பொலிஸ் இல்லை. 2010க்குப் பிறகு ஏறத்தாழ 20,000 பொலிஸாரைக் குறைத்துவிட்டு, 2019இல் 20,000 பேரைச் சேர்க்கப் போகிறோம் என்று அதையே ஒரு சாதனையாகச் சொன்னார்கள். நீதவான் நீதிமன்றங்களில் பாதிக்கும் மேல் மூடப்பட்டன. 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான கடைத்திருட்டுகள் 4,40,000ஐத் தாண்டின. பதிவாகாதவை எத்தனை என்பது கல்லாவில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

குடும்பம் என்ற சொல்லைக் கொன்சர்வேட்டிவ் மேடைகளில் கேட்காத நாளே இல்லை. அந்தக் கட்சிதான் 2012இல், வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண் வேண்டும் என்று விதித்தது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கியது. அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் முழுக்க வேலை செய்தாலும் வரிக்கு முன் ஆண்டு வருமானம் 22,000 பவுணுக்குச் சற்று மேல்தான். சேமிப்பைக் காட்டி அழைப்பதென்றால் வங்கியில் 88,500 பவுண் கிடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தாலி கட்டிவிட்டு வந்த பிள்ளை, பராமரிப்பு இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி உண்மையாக உழைக்கும் பிள்ளை, தன் மனைவியைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். குடிவரவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் குடும்பத்தைப் பிரித்துக் கணக்கைச் சரிக்கட்டுவதைக் குடும்ப விழுமியம் என்று எங்களிடம் விற்க வேண்டாம். கணக்கும் சரியாகவில்லை: ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று வாக்குக் கொடுத்தவர்களின் ஆட்சியில் நிகர குடிவரவு ஒன்பது லட்சத்தைத் தொட்டது, அவர்களே வகுத்த விசா விதிகளின்படி.

பொதுமுடக்கக் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பத்துப் பேர் மட்டும் நின்று தகப்பனுக்குக் கொள்ளி வைத்த குடும்பங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

2024 ஜூலையில் நாடு தீர்ப்புச் சொன்னது. முந்தைய தேர்தலில் 365 ஆசனங்களை வென்றிருந்த கட்சி 121க்கு வந்தது, அதன் வரலாற்றிலேயே மிக மோசமான தோல்வி. அதற்குப் பிறகாவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தோம். பார்த்தார்கள், ஆனால் ரிஃபோர்ம் கட்சியின் நைஜல் ஃபராஜ் நிற்கும் பக்கமாக. 2025 ஒக்டோபரில் கட்சித் தலைவர் கெமி பேடனொக் ஆட்சிக்கு வந்தால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அந்த உடன்படிக்கையை எழுதுவதில் முன்னின்றவர் கொன்சர்வேட்டிவ் சட்டத்தரணி டேவிட் மக்ஸ்வெல் ஃபைஃப். அதற்கு வழிதிறந்த குரல்களில் முதன்மையானது சேர்ச்சிலுடையது. பவலை வெளியேற்றிய கட்சி இன்று பவலின் வாரிசுகளோடு போட்டி போடுகிறது.

இந்த ஏமாற்றத்தில் நம்மவர் சிலர் ரிஃபோர்ம் கட்சிப் பக்கம் சாய்வதைக் காண்கிறோம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: நிரந்தர வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்று 2025 செப்டெம்பரில் அந்தக் கட்சி அறிவித்ததைப் படித்தீர்களா? முறைப்படி வந்து, வரி கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற உரிமையைப் பின்னாலிருந்து பறிப்பதில் கொன்சர்வேட்டிவ் எங்கே இருக்கிறது? கோபத்தில் போடும் வாக்குக்கும் ஐந்து வருட ஆயுள் உண்டு. தொழிற்கட்சிக்குப் போடுங்கள் என்று கேட்கவும் இதை எழுதவில்லை. 29,000 பவுண் விதியை ஆட்சிக்கு வந்ததும் அவர்களும் குறைக்கவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். பொங்கல் விழாவுக்கும் தேர்த்திருவிழாவுக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். மேடையேறி “வணக்கம்” என்று ஒரு சொல் சொல்வார்கள், மண்டபம் அதிரக் கைதட்டுவோம், பொன்னாடை போர்த்துவோம், வரிசையில் நின்று படம் எடுப்போம். மனிதர் தோசை சாப்பிட்டதையும் முகநூலில் போடுவோம். கோயில் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் இதை நிறுத்த வேண்டும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் மேடைக்குப் பதிலாக ஒரு நாற்காலி கொடுங்கள், உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள். நீதிமன்றம் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தால் கட்டுப்படுவீர்களா? சொல்லும் ஒவ்வொரு சலுகைக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஒரு தொழிலாளி தன் மனைவியோடு வாழ எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? எங்கள் கடையில் களவு போனால் பொலிஸ் எத்தனை மணிக்கு வரும்? பதிலை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டுங்கள்.

கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அட்டையைக் கிழிக்காதீர்கள். தொகுதிச் சங்கத்தின் வேட்பாளர் தெரிவுக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். தலைவரைத் தெரிவு செய்யும் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தால், அது ஒரு நாட்டின் பிரதமரையே முடிவு செய்யக்கூடிய சீட்டு என்பதை மனதில் வைத்துப் போடுங்கள். சட்டத்தையும் சிக்கனத்தையும் குடும்பத்தையும் காக்கும் ஒருவர் அந்தத் தொகுதியில் நிற்கவில்லை என்றால், இந்த முறை கட்சிக்கு வாக்கில்லை என்று சங்கத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெயரும் முகவரியும் போட்டு எழுதுங்கள். உங்கள் வாக்கு தானாக வந்து விழும் என்று இனி யாரும் எண்ணக்கூடாது.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டனில் வாழும், கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு நெடுங்காலம் வாக்களித்த தமிழர்கள்