அடுப்பில் அனல் குறைந்தால்

எரிவாயு அடுப்பின் குறை பெரும்பாலும் பண்டிகை நாளில்தான் வெளிப்படுகிறது. மற்ற நாள்களில் இருவருக்கான சோற்றை எப்படியோ வடித்துக் கொடுத்துவிடும் அடுப்பு, நைவேத்தியத்துக்கென வெண்கலப் பானையை ஏற்றியதும் தடுமாறுகிறது. உலை கொதிக்க நெடுநேரம் ஆகிறது. பானையின் அடியில் கரி படிகிறது. உடனே புதிய அடுப்பு வாங்குவது பற்றிப் பேச்சு எழுகிறது. அதற்கு முன் குறை இருக்கும் இடத்தை அறிவது நலம்.

முதலில் பார்க்க வேண்டியது, அனல் குறைந்திருப்பது ஒரு பர்னரிலா, எல்லாவற்றிலுமா என்பது. எல்லாப் பர்னர்களிலும் சுடர் தாழ்ந்திருந்தால், குறை எரிவாயு வந்து சேரும் வழியில் இருக்கிறது. சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கலாம். ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ரப்பர் குழாய் அடுப்புக்குப் பின்னே மடங்கியிருக்கலாம். குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். வெடிப்பு தென்பட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

ஒரு பர்னரில் மட்டும் அனல் குறைவு என்றால், சுடரின் நிறமே காரணத்தைச் சொல்லிவிடும். வாயுவோடு போதிய காற்று கலந்தால் சுடர் நீலமாக நின்று எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாகி ஆடும். பாத்திரத்தில் கரி பிடிக்கும். பொங்கி வழிந்த பாலும் பாயசத்தின் வெல்லமும் பர்னரின் துளைகளில் இறுகி அடைத்துக்கொள்வதே பல வீடுகளில் இதற்குக் காரணம்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, பர்னரின் மேல்மூடியை எடுத்து வெந்நீரில் சோப்பு கலந்து ஊறவைக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி அடைப்பை நீக்கலாம். ஈரம் முற்றும் உலர்ந்த பின்பே திரும்பப் பொருத்த வேண்டும். மூடி தன் இடத்தில் சரியாக அமராவிட்டால் சுடர் ஒரு பக்கமாகச் சாயும். ஆனால், வாயு வெளிவரும் ஜெட் என்னும் சிறு பித்தளைத் துண்டில் ஊசியை நுழைக்கலாகாது. அதன் துளை சிறிது அகன்றாலும் வாயு மிகுந்து சுடர் மஞ்சளாகிவிடும். ஜெட்டையும் ரெகுலேட்டரையும் பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

அடுப்பு பற்றாமல் போனால், குமிழைத் திறந்து வைத்தபடி லைட்டரைத் தேடுவது பெரும் தவறு. குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, சற்றுப் பொறுத்தே மீண்டும் முயல வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். சுவாமி மாடம் அடுக்களையிலேயே இருக்கும் வீடுகளில், குத்துவிளக்கு எரிவதும் அந்தத் தரையில்தான். ஆகவே, அடுப்பைப் பிரிக்கும் முன் விளக்கைப் பூவால் மலையேற்றிவிட வேண்டும். ஊதுவத்தியும் புகையக் கூடாது.

கசிவைக் காட்டிக் கொடுப்பதற்காகவே வாயுவில் வாசனைப் பொருள் சேர்க்கப்படுகிறது. ஆயினும், வயது ஏற ஏற மோப்ப உணர்வு மங்குகிறது. தனித்து வாழும் முதியோர் மூக்கை மட்டும் நம்பியிருக்கலாகாது. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதை, கதவைத் தாழிடுவது போல வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குழாயின் இணைப்புகளில் ஐயம் எழுந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்கலாம். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கவே கூடாது.

வாசனை வந்துவிட்டால் எரியும் சுடர் எதுவாயினும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மின்விசையைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வெளியே சென்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். ஏற்றிய விளக்கை அணைக்கலாமா என்று அப்போது தயங்க வேண்டியதில்லை. பூவைத் தேடவும் வேண்டியதில்லை. கசிவு நீங்கி, வீட்டில் காற்றும் தெளிந்த பின், அதே திரியில் மீண்டும் விளக்கேற்றிக்கொள்ளலாம்.