விரலைக் குறை சொல்லலாமா?



பெரியவர்களின் சைக்கிளில் ஒரு சிறுவன் 'குரங்குப் பெடல்' போட்டு ஓட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. ஆகவே பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டுகிறான். 'இவனுக்குச் சைக்கிள் வராது' என்று யாராவது சொல்வார்களா? சைக்கிள்தான் அவனுக்குப் பெரியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கிதார் கற்க வரும் குழந்தைகளிடம் மட்டும் நாம் இந்த நியாயத்தைக் காட்டுவதில்லை. ஒன்பது வயதுச் சிறுமியின் மடியில், எஃகுக் கம்பி பூட்டிய பெரியவர்களின் கிதாரை வைக்கிறோம். இரண்டே வாரத்தில் விரல் நுனி கன்றிப்போகிறது. கம்பி சரியாகப் பதியாததால் சுரம் தெளிவாக ஒலிப்பதில்லை. உடனே, 'இவளுக்குச் சங்கீதம் வராது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கிதார் அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. ஆசையோடு வந்த குழந்தை, தன்னிடம்தான் குறை என்று நம்பிவிடுகிறது. இத்தகைய தீர்ப்புகளில் பல தவறானவை என்பது என் கருத்து. குறை பல நேரங்களில் விரலில் இல்லை. கம்பியின் இழுவிசையில் இருக்கிறது.

சோனாமீட்டர் சோதனையை நினைத்துப் பாருங்கள். கம்பியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636ஆம் ஆண்டிலேயே இவ்விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றின்படி, ஒரே கம்பியில் ஒரே சுருதி வேண்டுமானால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும்.

இதைக் கிதாருக்குப் பொருத்துவோம். முழு அளவுக் கிதாரில் அதிரும் கம்பியின் நீளம் பொதுவாக 650 மில்லிமீட்டர். சிறுவர்க்கான அளவுகளில் ஒன்று 580 மில்லிமீட்டர். 580ஐ 650ஆல் வகுத்து, விடையின் வர்க்கத்தைக் காணுங்கள். ஏறக்குறைய 0.8 வரும். அதாவது, அதே கம்பி, அதே சுருதி. ஆனால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைவு!

விரல் எட்டும் தூரமும் குறைகிறது. வீணையில் மெட்டு என்பதைக் கிதாரில் 'பிரெட்' என்பார்கள். முதல் நான்கு மெட்டுகள் பெரிய கிதாரில் 134 மில்லிமீட்டர் நீளத்தில் பரவியிருக்கின்றன. சிறியதில் 120 மில்லிமீட்டர்தான். சிறு கைக்கு இந்த 14 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

கம்பி எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். எஃகுக் கம்பிகளில் மிக மெல்லியது சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன் இழுவிசை ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே சுரம் தரும் நைலான் கம்பியின் தடிமன் சுமார் 0.7 மில்லிமீட்டர், இழுவிசை ஏறத்தாழ 7 கிலோகிராம் எடை. சிறிய பரப்பில் பெரிய விசை விழுந்தால் அழுத்தம் மிகும். கத்தியின் கூர்முனை வெட்டுவது இதனால்தானே! நைலான் கம்பி விளையாட்டுப் பொருள் என்று எண்ண வேண்டாம். 1940களில் அது வந்தபின், ஸ்பெயின் நாட்டின் பெருங்கலைஞர் செகோவியா அதையே மேடைகளில் வாசித்தார்.

'வலியைத் தாங்கினால்தான் கலை வரும்' என்று சிலர் வாதிடுவார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. அடிக்கடி அழுத்தம் படும் இடத்தில் தோல் தடிப்பதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். நாள்தோறும் கால் மணி நேரம் வாசிப்பது, வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நல்லது. ஆனால் தேவையான வலி வேறு, தேவையற்ற சுமை வேறு. சுமையைக் குறைத்தால் பயிற்சி குறைந்துவிடாது. குழந்தை பயிற்சியை விட்டு ஓடாமல் இருக்கும்.

சிறிய கிதார் வாங்க வசதி இல்லையா? ஒரு வழி இருக்கிறது. பெரிய கிதாரின் ஆறு கம்பிகளையும் இரண்டு மெட்டு அளவுக்குச் சுருதி இறக்குங்கள். இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகு இரண்டாம் மெட்டில் 'கேப்போ' என்னும் சிறு பிடியை மாட்டுங்கள். பழைய சுருதி திரும்பிவிடும். இப்போது அதிரும் கம்பியின் நீளம் எவ்வளவு? 579 மில்லிமீட்டர்! பெட்டி பெரியதுதான், ஆனால் கம்பிகளைப் பொறுத்தவரை பெரிய கிதார் சிறிய கிதாராகிவிட்டது.

இன்னொரு சோதனை. இரு மெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பாருங்கள். பின்பு, ஒலிக்க வேண்டிய மெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். குறைந்த விசையிலேயே சுரம் தெளிவாக ஒலிக்கும். 'இங்கே விரலை வை' என்று மட்டும் சொல்லாமல், 'ஏன் இங்கே' என்பதையும் ஆசிரியர் சொன்னால், மாணவர் தம் தவறைத் தாமே திருத்திக்கொள்வார்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஒரு கிதார் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை இறக்குங்கள். தம்பியிடமோ தங்கையிடமோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஓர் அளவுகோலை எடுத்துக் கம்பியை அளந்து பாருங்கள்.