காவலுக்குக் காவல் எது?

விருதுநகர் ஜில்லாவில் குமாரலிங்கபுரம் என்னும் கரிசல் கிராமத்தின் பெயர் 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் டில்லி வரையில் அடிபடலாயிற்று. மத்திய சர்க்கார் ஏழு ராஜ்யங்களில் நிறுவ நிச்சயித்த பெரிய ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று அங்கே 1,052 ஏக்கர் நிலத்தில் அமைவதென்று தீர்மானமாயிற்று. பருத்தியையும் மல்லியையும் நம்பி, மழை பொய்த்த வருஷங்களில் வெளியூருக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஜனங்கள் வாழும் சீமை அது. அவர்களுக்கு இது நல்ல செய்தியே. ஆயினும் இன்று நாம் எழுதப் புகுவது ஜவுளியைப்பற்றி அன்று.

பல்லாயிரம் தொழிலாளர், அவர்களில் பாதிக்குமேல் பெண்கள், தமிழ் அறியாத வடநாட்டாரும் கலந்து, ஓரிடத்தில் கூடுவார்களாயின் அவர்களுக்குக் காவல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எத்தகைய காவல் என்பதே கேள்வி. ஒரு கட்டடமும், ஒரு ஜீப்பும், ஓர் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டால் காவல் வந்துவிட்டது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதே அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதிப் பிரதேசத்தின் சரித்திரம் நமக்கு வேறு பாடம் கற்பிக்கிறது.

வெள்ளையர் வருமுன் இங்கே ஸ்தலகாவல், தேசகாவல் என்ற முறை இருந்தது. காவற்காரருக்குக் களத்திலே தானியம் அளக்கப்பட்டது. களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்கவோ, இல்லையேல் அதன் விலையை ஈடு செய்யவோ அவர் கடமைப்பட்டிருந்தார். களவு போனவனுக்கு ஈடு கொடுக்கும் போலீஸ் இக்காலத்தில் உலகில் எங்கேனும் உண்டோ? எனினும் பழமையைப் போற்றிப் பாட நாம் ஒருப்படோம். காவற்கூலி கொடுக்க மறுத்தவன் வீட்டிலேயே களவு போவதும், துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வருவதும் அக்காலத்து ஊர்கள் நன்கறிந்த சங்கதி. 1899-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிவகாசியைச் சூறையாடியபோது, ஊர்க்காவல் என்பது வகுப்புச் சண்டையின் முன் நில்லாது என்பதும் விளங்கிற்று. ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாருக்குக் காவலாயிருப்பது, அன்பு உள்ளவரை மட்டுமே காவல்.

கும்பெனியார் அம்முறையை ஒழித்து என் செய்தனர்? 1816-ம் வருஷத்து ரெகுலேஷன்படி, வரி தண்டும் தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரத்தையும் வைத்தனர். விளைவு 1855-ல் வெளியாயிற்று. சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப்பற்றி விசாரித்த கமிஷனார், கிட்டி போடுவதும் அண்ணாந்தாள் கட்டுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கு மட்டுமல்லாமல், வரி வசூலுக்கும் வழங்கி வந்தன என்று எழுதினர். அவ்விரு சொற்களும் ஆங்கில அறிக்கையிலே தமிழாகவே நின்றது நமக்கு எவ்வளவு கீர்த்தி! அதன்பின் இயற்றப்பட்டதே 1859-ம் வருஷத்துச் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம்.

வரியையும் தடியையும் அச்சட்டம் பிரித்தது உண்மை. ஆனால் ஆங்கிலேயர் தங்கள் லண்டன் நகரத்துக்கு 1829-ல் அமைத்துக்கொண்ட, துப்பாக்கியில்லாத போலீஸையா நமக்குத் தந்தனர்? அடிமைப்பட்ட ஐர்லாந்தை அடக்கி வைக்க ஏற்பட்ட பட்டாளத்தின் சாயலையே தந்தனர். அந்தப் போலீஸைக்கொண்டே 1911-க்குப்பின் குற்றப் பரம்பரைச் சட்டம் நம் ஜில்லாக்களில் அமுலாயிற்று. ஆப்பநாட்டு மறவரும் பிரமலைக் கள்ளரும் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகிக் கைரேகை வைத்தனர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1947-ல் சென்னை ராஜதானியில் அச்சட்டம் ஒழிந்தது. அதை அமுல் நடத்திய போலீஸ் அமைப்பு மட்டும் ஒழியவில்லை. 2013-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை போலீஸ் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றிய போதும் 1859-ம் வருஷத்துச் சட்டத்தை ரத்து செய்யவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும், 2025 ஜூனில் மடப்புரத்துக் கோயிற் காவலாளியான இளைஞரும் போலீஸார் பிடியில் பட்ட அடியினால் மாண்டதை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டையில், கொலையுண்ட ஓர் ஓட்டுநரின் உறவினர் மறியல் செய்தபோது, தடுக்க வந்த பெண் துணைக் கண்காணிப்பாளரின் கூந்தலைப் பிடித்து இழுத்தனர். அச்செயலைக் கண்டிக்கிறோம். ஆயினும் இரண்டும் ஒரே வியாதியின் குறிகள். போலீஸார் ஒரு பாளையம், ஜனங்கள் மற்றொரு பாளையம் என்ற நிலை சுதந்திரத்துக்குப் பின்னும் நீடிக்கிறது.

1940-ம் வருஷம் செப்டம்பரில் காந்தியடிகள் தமது ஹரிஜன் பத்திரிகையில் இதைப்பற்றி எழுதினார். அஹிம்சா ராஜ்யத்திலும் போலீஸ் வேண்டியிருக்கும் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அது தமது அஹிம்சையின் குறைபாடு என்றும் ஒப்புக்கொண்டார். அந்தப் போலீஸார் ஜனங்களுக்கு எஜமானரல்லர், ஊழியர். ஆயுதம் ஏந்தினும் அரிதிலேயே உபயோகிப்பர். திருடரையும் கொள்ளைக்காரரையும் திருத்துவதே அவர் தொழிலில் பெரும்பகுதி என்றார். முதலாளி தொழிலாளி சச்சரவுகளும் அந்த ராஜ்யத்தில் அருகிவிடும் என்றார். ஆலைகள் வரப்போகும் ஊருக்கு இந்தக் கடைசி வார்த்தை முக்கியமானது. கூலி கேட்டு வாயிலில் நிற்பவனை விரட்டப் போலீஸை அழைக்கும் பழக்கம் முதல் நாளிலேயே தடுக்கப்படவேண்டும். முதலில் அங்கே போகவேண்டியவர் லேபர் ஆபீசர்.

இது கனவு என்று சிலர் நகைப்பர். பக்கத்து ராமநாதபுரத்திலேயே 1993-ல் ஜில்லாப் போலீஸ் சூப்பரின்டெண்டாயிருந்த பிரதீப் பிலிப், 'போலீஸ் நண்பர்கள்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி ஜனங்களையும் போலீஸாரையும் ஒன்றுசேர்க்க முயன்றார். அது ராஜ்யமெங்கும் பரவிற்று. சாத்தான்குளச் சம்பவத்தில் அவ்வியக்கத்தினர் சிலர்மீதும் புகார் எழவே, 2020 ஜூலையில் சர்க்கார் அதைத் தடை செய்தனர். நண்பர் என்ற பெயரோடு நுழைந்தவன் அதிகாரியின் கையாளாகிவிட்டால் கேட்பாரில்லை என்பதே இதில் நாம் காணும் பிழை. நல்லெண்ணம் குறைவில்லை, கணக்குக் கேட்கும் ஸ்தானந்தான் இல்லை.

அந்த ஸ்தானத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2006 செப்டம்பர் 22-ந் தேதி பிரகாஷ் சிங் வழக்கின் தீர்ப்பிலேயே கட்டளையிட்டது. ராஜ்யத்திலும் ஒவ்வொரு ஜில்லாவிலும் புகார் ஆணையம் வேண்டும். அதற்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்கவேண்டும். குற்ற விசாரணையையும் அமைதி காக்கும் வேலையையும் வெவ்வேறு கைகளில் பிரிக்கவேண்டும் என்றது. நம் ராஜ்யத்தின் 2013-ம் வருஷத்துச் சட்டமோ, மேலிடத்து ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், ஜில்லா ஆணையத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கி, ஜில்லாப் போலீஸ் சூப்பரின்டெண்டையே அங்கத்தினராகவும் அமர்த்திற்று. புகாருக்கு ஆளானவரின் மேலதிகாரியே புகாரைக் கேட்பதாயின், 1855-க்கு முந்திய தாசில்தார் கச்சேரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் யாது?

குமாரலிங்கபுரத்தில் புதிதாக ஒரு காவல் ஸ்தலம் ஏற்படும் நாள் வருமாயின், அங்குள்ள பஞ்சாயத்தாரும் தொழிற்சங்கத்தாரும் முன்கூட்டியே சில நிபந்தனைகளைக் கேட்கட்டும். பிடித்து வைத்தவர் பெயரும் நேரமும் வாயிற்பலகையில் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதப்படவேண்டும். இரவில் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்களின் பாதைக்குப் பெண் போலீஸாரே பொறுப்பாயிருக்கவேண்டும். மாதம் ஒருமுறை ஸ்தல அதிகாரி ஊர்க்கூட்டத்தில் நின்று, வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை, தீராததற்குக் காரணம் என்ன என்று சொல்லவேண்டும். அக்கூட்டத்தில் ஊரின் எல்லாத் தெருவாரும், காலனித் தெருவாரும் சமமாக அமர்ந்திருக்கவேண்டும். ஜில்லாப் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்கும்படி சட்டத்தைத் திருத்தும் பொறுப்பு மட்டும் சென்னைச் சர்க்காரைச் சேர்ந்தது. அதற்கு ஜவுளிப் பூங்காவின் முதல் தறி ஓடும் வரையில் அவர்கள் காத்திருக்கவேண்டியதில்லை.