வரவு யார் கணக்கில்?

தெற்கு பிரான்சில் ஓரான்ஜ் என்று ஓர் ஊர். பழத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாகிப்போனது தனிக்கதை, விடுங்கள். ரோமானியர்கள் சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் கட்டிய நாடக அரங்கம் அங்கே இருக்கிறது. மேடைக்குப் பின்னால் ஒரு கல் சுவர். 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

'எவ்வளவு நல்லா பாதுகாத்திருக்காங்க!' போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

யார் சார் பாதுகாத்தது?

ராஜாக்களா? 1620-களில் அந்த ஊரை ஆண்ட மாரிஸ் இளவரசர் மலைமேல் கோட்டை கட்ட, ஊரிலிருந்த ரோமானியக் கட்டடங்களை உடைத்துக் கல் எடுத்தவர். இந்தச் சுவர் தப்பித்ததற்குக் கலையார்வம் காரணமில்லை. ஊர்க்காவலுக்கு அது உபயோகமாக இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே? 16-ம் நூற்றாண்டு மதச் சண்டைகளின்போது, உயிருக்குப் பயந்த ஜனங்கள் அரங்கத்துக்குள் புகுந்தார்கள். வீடு கட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாக அதுவே ஒரு பேட்டை. கல்லைப் பெயர்க்காமலா இருந்திருப்பார்கள்? இருக்காது. ஆனாலும் ஆள் குடியிருக்கிற இடத்தை மொத்தமாக இடித்து வண்டியில் ஏற்றிப் போவது அத்தனை சுலபமில்லை. காலியாகக் கிடந்தால்தான் அது கல் குவாரி.

1820-களில் காரிஸ்டி என்ற கட்டடக் கலைஞர் வந்தார். சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வீடுகளை அகற்றும் வேலை ஆரம்பித்தது. 1869-ல் விழா நடந்தது. 1981-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். நீங்கள் இன்றைக்கு உட்காருகிற படிகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் திருப்பிக் கட்டியது. அதுவும் 'பாதுகாப்பு' கணக்கில்தான் சேர்கிறது!

பி.காம். படித்த எனக்கு இது உறுத்துகிறது. ஒருத்தர் போட்ட பணத்தை இன்னொருத்தர் பேரில் வரவு வைத்தால் அதற்கு எங்கள் பாஷையில் வேறு பெயர்.

வீடுகளை எடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் அந்த மேடையில் இன்றைக்கு ஓபரா ஏது? அரங்கத்தின் ஒரு படியில், முதல் மூன்று வரிசை பிரமுகர்களுக்கு என்று ரோமானியர்கள் வெட்டிய எழுத்து இன்னமும் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். அதே மாதிரி, சுவரை ஒட்டி ஒரே ஒரு வீட்டை, அடுப்புக் கரியோடு, விட்டு வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?