பட்டறைக் கணினிக்குத் தமிழில் கையேடு வேண்டும்

சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இன்று லேத்தும் வி.எம்.சி. எந்திரமும் மட்டும் போதவில்லை. வேலை கொடுக்கும் நிறுவனங்கள் காகித டிராயிங்குக்குப் பதிலாக முப்பரிமாணக் கோப்பையே அனுப்புகின்றன. அதைத் திறந்து அளவு பார்க்கவும், டூல் போகும் பாதையை வகுக்கவும், எந்திரத்துக்குப் புரியும் ஜி-கோடாக மாற்றி சி.என்.சி. எந்திரத்துக்கு அனுப்பவும் அதற்கேற்ற கணினி வேண்டும். முதன்முதலாக அப்படி ஒன்றை வாங்கப் போகிறவருக்கு வழிகாட்டியாகக் கிடைப்பது, பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் எழுதித் தரும் கொட்டேஷன்தான். தமிழில் கணினி வாங்குவது பற்றிய காணொளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விளையாட்டுக் கணினி பற்றியவை.

கொட்டேஷன் பிராசசரில் தொடங்கும். நல்ல கையேடு, நீங்கள் என்ன ஜாப் செய்கிறீர்கள் என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். பாகத்தை வரையும்போது மென்பொருள் ஒவ்வொரு படியையும் முந்தைய படியின் மேல்தான் கணக்கிடுகிறது. ஆகவே வரைபவருக்குத் தேவை வேகமான கோர். கோர்களின் எண்ணிக்கை அவருக்கு அவ்வளவாக உதவாது. அழுத்த ஆய்வும் ரெண்டரிங்கும் செய்பவருக்கே நிறைய கோர்கள் பயன்படும். தொழில்முறை கிராபிக்ஸ் கார்டின் கூடுதல் விலைக்கு ஒரு முக்கியக் காரணம், சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களோடு சோதித்துச் சான்று பெற்ற டிரைவர். ஆயிரக்கணக்கான பாகங்களை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவர் அந்த விலையைக் கொடுக்கலாம். புஷ்ஷும் ஃபிளேஞ்சும் பிராக்கெட்டும் வரைபவர், அந்தப் பணத்தை ரேமிலும் நல்ல யு.பி.எஸ்.ஸிலும் போடுவதே மேல்.

அயல்நாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் தொடாத சங்கதி ஒன்று உண்டு. பழைய கன்ட்ரோலர் உள்ள எந்திரங்கள் பல இன்றும் ஆர்.எஸ்.232 கேபிள் வழியாகத்தான் புரோகிராமை வாங்குகின்றன. புதிய கணினிகளில் அந்த போர்ட் இருப்பது அரிது. யு.எஸ்.பி. மாற்றி வாங்கினாலும், பாட் ரேட் என்ற அனுப்பும் வேகமும் பாரிட்டி என்ற பிழைச் சரிபார்ப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் புரோகிராம் ஒழுங்காகப் போய்ச் சேரும். கணினியின் எர்த்தும் எந்திரத்தின் எர்த்தும் ஒத்துப்போகாவிட்டால் போர்ட்டே எரிந்துபோகலாம். இதையெல்லாம், எந்திரத்தை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் செட்டர்கள் அனுபவத்தில் அறிவார்கள். எழுதி வைத்தவர்கள் குறைவு. செட்டர் ஒருவர் வேறு பட்டறைக்குப் போனால், அவருடைய அறிவும் கூடவே போய்விடுகிறது.

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கணியம் மின்னிதழில் இரா. அசோகன், கணினி வழி வடிவமைப்பையும் தயாரிப்பையும் பற்றி எளிய தமிழில் எழுதிய தொடர் இலவச மின்னூலாகவும் கிடைக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கொண்டே அதில் கற்றுத்தருகிறார். இது சிறு பட்டறைக்குப் பெரிய உதவி. அத்தகைய வடிவமைப்பு மென்பொருளான, 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேடுக்கு உரிமக் கட்டணமே கிடையாது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளிப் பாடத் திட்டத்தில், பாடத்தைப் பதிவு செய்யுமுன் விஷயம் தெரியாத புதியவர் ஒருவரைக் கொண்டு சோதிக்கிறார்கள். திரையில் மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் தமிழில் பேசும். பட்டறையில் பேச்சு தமிழிலும் திரை ஆங்கிலத்திலும் இருப்பதால், இந்த முறை நமக்கு அப்படியே பொருந்தும்.

தமிழ்நாடு அரசு 2022-ல் டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐ.டி.ஐ.) சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில்துறை 4.0 மையங்களாக மாற்றும் திட்டத்தை எடுத்தது. எந்திரங்களுக்கு இவ்வளவு செலவிடும் அரசுக்கு, பட்டறைக் கணினிக்கான தமிழ்க் கையேட்டுக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, ஐ.டி.ஐ. பயிற்றுநர்களையும் சோழவரம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து செட்டர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, சம்பளம் கொடுத்து அதை எழுதவைக்க வேண்டும். எழுதியதை முதலில், கணினியைத் தொட்டிராத லேத் ஆபரேட்டர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் தடுமாறும் இடங்களைத் திருத்திய பிறகு, யாரும் படியெடுக்கவும் மாற்றியெழுதவும் உரிமை தந்து இலவசமாக வெளியிட வேண்டும்.